கனமான கல் நகராதா?

கிருஷ்ணகிரி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். பக்கப் பலகைகள் இல்லாத நீண்ட டிரெய்லர் லாரி ஒன்று போகும். அதன் தட்டையான மேடைமீது கிரானைட் கல் ஒன்று அமர்ந்திருக்கும். அந்தக் கல் 3 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் உயரமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். கிரானைட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன். பெருக்கிப் பாருங்கள்: கல்லின் எடை 20 டன்னைத் தாண்டும்.

இத்தகைய கல்லைக் கட்டாமலோ, பெயருக்கு ஒரு கயிற்றைப் போட்டோ ஏற்றிச் செல்பவரிடம் கேட்டால், "இத்தனை கனமான கல் எங்கே நகரப் போகிறது? அதன் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும்" என்று பதில் வரலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அலமாரியைத் தள்ளுவது நாற்காலியைத் தள்ளுவதைவிடக் கடினம் அல்லவா?

ஆனால் இந்த நம்பிக்கை தவறு. ஓடும் வண்டியில் கனம் யாரையும் காப்பாற்றுவதில்லை. ஏன் என்பதையும், எது காப்பாற்றும் என்பதையும் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

நின்றது லாரி, நிற்காதது கல்

பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம். நம்மை யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை. பேருந்தின் வேகம் குறைந்தது. நம் உடலின் வேகம் குறையவில்லை. இயங்கும் பொருள், ஏதேனும் ஒரு விசை தடுக்கும்வரை அதே வேகத்தில் நேர்கோட்டில் செல்லும். இதுதான் நிலைமம். 1687இல் வெளிவந்த நூலில் நியூட்டன் இதைத் தம் முதல் இயக்க விதியாக வகுத்தார்.

லாரியின்மீதுள்ள கல்லுக்கும் இதே விதிதான். பிரேக் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது; கல்லைப் பிடிப்பதில்லை. லாரியோடு சேர்ந்து கல்லும் நிற்க வேண்டுமானால், கல்லின்மீது தனியாக ஒரு விசை பின்னோக்கிச் செயல்பட வேண்டும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் ஒரு விசை வேண்டும். வண்டி சட்டென்று கிளம்பும்போது முன்னோக்கி ஒரு விசை வேண்டும். கட்டப்படாத கல்லுக்கு இந்த விசைகளை யார் கொடுக்கிறார்கள்? மேடைக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் எடை

உராய்வு விசை எதைப் பொறுத்தது? பிரான்சு நாட்டு அமொன்டான் 1699இல் இதற்கு விடை கூறினார். ஒரு பரப்பின்மீது பொருள் எவ்வளவு அழுத்துகிறதோ, அதற்கு நேர்விகிதத்தில் உராய்வு இருக்கும். அந்த விகிதத்தை உராய்வுக் கெழு என்கிறோம். வழவழப்பான இரும்பின்மீது இரும்பு இருந்தால் கெழு ஏறத்தாழ 0.2. மரத்தின்மீது மரமானால் ஏறத்தாழ 0.4. நடுவில் நல்ல ரப்பர் விரிப்பு போட்டால் 0.6. எண்ணெயோ, ஈரமோ, மணல் தூசியோ இருந்தால் இந்த எண்கள் மிகவும் குறைந்துவிடும்.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். 10 டன் கல்லைவிட 20 டன் கல்லுக்கு உராய்வு இரு மடங்கு உண்டு; இதில் ஐயமில்லை. ஆனால் 20 டன் கல்லை நிறுத்தத் தேவையான விசையும் இரு மடங்குதான். ஏனெனில் விசை என்பது நிறையும் முடுக்கமும் சேர்ந்த பெருக்கம். எடை ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுவதால், கல் நகருமா நகராதா என்பதை எடை முடிவு செய்வதில்லை. உராய்வுக் கெழுதான் முடிவு செய்கிறது.

கெழு 0.2 ஆனால், புவி ஈர்ப்பு முடுக்கத்தில் 0.2 பங்கு அளவுக்கு, அதாவது வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 2 மீட்டர் வீதம் வரை வேகம் குறையும்போது கல் அசையாது. அதற்குமேல் வேகமாக லாரி நின்றால் கல் வழுக்கும். கல் 2 டன்னாக இருந்தாலும் 20 டன்னாக இருந்தாலும் இதே எல்லைதான்.

வீட்டில் ஒரு சோதனை

இதை நம்பக் கடினமாக இருந்தால் நீங்களே செய்து பாருங்கள். ஒரு வழவழப்பான பலகையும் இரண்டு தீப்பெட்டிகளும் போதும். ஒரு பெட்டி காலியாக இருக்கட்டும். மற்றதில் மணலை நிரப்பி மூடுங்கள். இரண்டையும் பலகையில் அருகருகே வைத்து, பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். ஏறத்தாழ ஒரே சரிவில் இரண்டும் வழுக்கத் தொடங்கும்.

வழுக்கத் தொடங்கும்போது பலகையின் உயர்ந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று அளந்து, அந்த உயரத்தை அதன் நேர்கீழே உள்ள அடித்தள நீளத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைக்கும். அடித்தளம் 30 சென்டிமீட்டர், உயரம் 12 சென்டிமீட்டர் என்றால் கெழு 0.4. அடுத்து, ஒரு பெட்டியின் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டு மறுபடியும் செய்து பாருங்கள். பலகையை எவ்வளவு அதிகமாக உயர்த்த வேண்டியிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பரின் அருமை புரியும்.

எவ்வளவு பிடிமானம் தேவை?

லாரி எவ்வளவு கடுமையாக நின்றாலும் சரக்கு நகரக்கூடாது என்றால் எந்த அளவை வைத்துக் கட்டுவது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விதிகள் இதற்கு எண்களைத் தருகின்றன. முன்னோக்கிச் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு விசையையும் தாங்கும்படி கட்ட வேண்டும். நம் பலகையின் மொழியில் சொன்னால், 30 சென்டிமீட்டர் அடித்தளத்துக்கு 24 சென்டிமீட்டர் உயரம். அதாவது லாரியை ஏறத்தாழ 39 பாகை முன்பக்கம் சரித்து நிறுத்தினாலும் சரக்கு வழுக்கக்கூடாது!

முன்பக்கத்துக்கு மட்டும் ஏன் அதிகம்? எந்த லாரியும் கிளம்பும் வேகத்தைவிடக் கடுமையாக நிற்கும். மேலும், முன்பக்கத்தில்தான் ஓட்டுநர் இருக்கிறார்.

கட்டாத கல் என்ன செய்யும் என்று பார்ப்போம். லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. குறுக்கே ஒரு மாடு வந்துவிட, ஓட்டுநர் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறார். கல்லுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி. இரும்பு மேடையின் தூசியில் கெழு 0.2 என்று கொள்வோம். உராய்வு கல்லின் வேகத்தை 2 மீட்டர் வீதம் மட்டுமே குறைக்கிறது. மிச்சமுள்ள 3 மீட்டர் வீதம் கல் லாரியை முந்துகிறது. ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்குள் இடைவெளி தீர்ந்துபோகும். அப்போது கல், அறையின் பின்சுவரை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்.

15 கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். 20 டன் கல்லை 90 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உண்டாகும் ஆற்றல் அது. தகட்டாலான அறைச் சுவர் அதன்முன் காகிதம். ஒன்றரை வினாடியில் ஓட்டுநர் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது.

கயிறு செய்யும் இரண்டு வேலைகள்

சரி, கட்டிவிட்டால் போதுமா? எப்படிக் கட்டினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கயிறோ பட்டையோ சங்கிலியோ, அவை இரண்டு விதமாக வேலை செய்கின்றன. கணக்கு எளிதாக இருக்க, விசையையும் எடையின் அலகுகளாலேயே குறிப்போம்.

முதல் விதம் அழுத்திக் கட்டுவது. சரக்கின்மேல் குறுக்காகப் பட்டையைப் போட்டு இருபுறமும் மேடையில் இறுக்குகிறோம். பட்டை சரக்கைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். இங்கே நாம் சரக்கின் எடையைக் கூட்டாமல் அழுத்தத்தை மட்டும் கூட்டுகிறோம். அதனால்தான் இது பயன் தருகிறது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள வழக்கமான ராட்செட் பட்டை ஒன்று 2500 கிலோகிராம் விசையைத் தாங்கும் என்று அதன் சீட்டில் அச்சிட்டிருக்கும். ஆனால் கைப்பிடியை ஆள் இறுக்கும்போது பட்டையில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 350 கிலோகிராம்தான். இரு பக்கமும் சேர்ந்து 700 கிலோகிராம். பட்டை அவ்வளவுதான் அழுத்தும். எவ்வளவு தாங்கும் என்பது வேறு. எவ்வளவு அழுத்தும் என்பது வேறு.

நமது 20 டன் கல்லை மரக் கட்டைகளின்மேல் வைத்திருக்கிறோம்; கெழு 0.4. முன்னோக்கிய 0.8 பங்கை உராய்வே தர வேண்டுமானால் மொத்த அழுத்தம் எடையைப்போல் இரு மடங்கு, அதாவது 40 டன் ஆக வேண்டும். எடை 20 டன் தருகிறது. மீதி 20 டன்னைப் பட்டைகள் தர வேண்டும். 20,000ஐ 700ஆல் வகுத்தால் 29 பட்டைகள்! ஒரு லாரியில் யார் 29 பட்டை போடுவார்கள்?

கட்டைகளுக்கு மேலும் கீழும் ரப்பர் விரிப்பைப் போட்டுக் கெழுவை 0.6 ஆக்கினால் 10 பட்டைகள் போதும். சில ரப்பர் துண்டுகள் 19 பட்டைகளின் வேலையைச் செய்துவிடுகின்றன.

இரண்டாவது விதம் தடுத்து நிறுத்துவது. சரக்கின் முன்னால் முட்டுக்கட்டை கொடுக்கலாம். பேச்சு வழக்கில் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்றால் குறை சொல்வதாகப் பொருள். லாரியில் அதுவே உயிர் காக்கும் வேலை. உராய்வு 0.4 பங்கைப் பார்த்துக்கொள்கிறது, மீதி 0.4 பங்கு, அதாவது 8 டன் விசையை முட்டு தாங்க வேண்டும். ஆணி அடித்த சிறு கட்டை இதற்குப் போதாது. மேடையின் சட்டத்தோடு இணைந்த வலுவான இரும்பு முட்டு வேண்டும்.

அல்லது சங்கிலியைக் கல்லின் முன்முகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, பின்னோக்கி இழுத்து மேடையில் மாட்டலாம். 4 டன் தாங்கும் சங்கிலி 45 பாகைச் சரிவில் இருந்தால் பின்னோக்கி 2.8 டன் வரை பிடிக்கும். இத்தகைய 3 இழுப்புகள் 8 டன்னை எட்டிவிடும். இருபுறமும் சமமாக இருக்க 4 போடுவது நல்லது. இங்கே சங்கிலியின் முழு வலுவும் வேலைக்கு வருகிறது. 29 பட்டைகள் எங்கே, 4 இழுப்புகள் எங்கே!

கோணத்தை மறவாதீர்கள்

அழுத்திக் கட்டும்போது பட்டை செங்குத்தாக இருந்தால்தான் முழு அழுத்தம் கிடைக்கும். மேடைக்கும் பட்டைக்கும் உள்ள கோணம் 60 பாகை ஆனால் 87 விழுக்காடு, 45 பாகை ஆனால் 71 விழுக்காடு, 30 பாகை ஆனால் பாதி மட்டுமே கிடைக்கும். உயரம் குறைந்த, அகலம் குறைந்த சரக்கின்மீது பட்டை மிகவும் சாய்ந்து போகும். எத்தனை இறுக்கினாலும் பயன் குறைவு. தடுத்துக் கட்டும்போது நிலைமை நேர்மாறு. சங்கிலி எவ்வளவு படுத்திருக்கிறதோ அவ்வளவு நன்றாகத் தடுக்கும்.

சரக்கைப் பிடித்துக் கட்டும் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வானத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் விமானத் தளத்திலிருந்து ஒரு போயிங் 747 சரக்கு விமானம் புறப்பட்டது. உள்ளே 5 கவச ராணுவ வாகனங்கள். ஒவ்வொன்றும் 10 டன்னுக்கு மேல். அவற்றைப் பட்டைகளால் கட்டியிருந்தார்கள். விமானம் மூக்கை உயர்த்தி மேலெழும்பியபோது வாகனம் ஒன்று பின்னோக்கி நகர்ந்து, வால் பகுதியை இயக்கும் கருவிகளை உடைத்தது. விமானம் தரையில் விழுந்து, அதிலிருந்த 7 பேரும் இறந்தனர். சரக்கைப் பிணைத்த முறை போதுமானதாக இல்லை என்று விசாரணை முடிவு கூறியது. லாரியாயினும் விமானமாயினும் நிலைமம் ஒன்றே.

சாய்வதும் உருள்வதும்

வழுக்குவது மட்டும் ஆபத்து அல்ல. உயரமான சரக்கு வழுக்காமலே சாய்ந்துவிடலாம். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. சரக்கின் அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுங்கள். 1 மீட்டர் அகலமுள்ள இயந்திரத்தின் ஈர்ப்பு மையம் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் விடை 0.42. இது பக்கவாட்டில் தேவையான 0.5ஐவிடக் குறைவு. ஆகவே இந்த இயந்திரத்தைப் பக்கவாட்டிலும் இழுத்துக் கட்டியாக வேண்டும்.

0.5 என்பது மிகையான எண் என்று தோன்றலாம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரிக்கு மைய நோக்கு முடுக்கம் வினாடிக்கு வினாடி 4.5 மீட்டர். அது ஏறத்தாழ 0.45 பங்கு. வேகத்தைப் பாதியாக்கினால் இது கால் பங்காகக் குறைந்துவிடும். வளைவில் மெதுவாகப் போகச் சொல்லும் பலகைக்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

உருளும் சரக்கு இன்னும் பொல்லாதது. எஃகுத் தகட்டுச் சுருள், குழாய், பீப்பாய் போன்றவை உருளும்போது உராய்வு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. சுருளின் அச்சு சாலைக்குக் குறுக்கே இருந்தால் பிரேக் போடும்போது முன்னால் உருளும். அச்சு சாலையின் திசையில் இருந்தால் வளைவில் பக்கவாட்டில் உருளும். எந்த வகையில் வைத்தாலும் இருபுறமும் ஆப்பு கொடுத்து, அந்த ஆப்பு விலகாதபடி பிணைத்து, அதன்பிறகே சங்கிலி போட வேண்டும்.

வழியில் ஏன் பார்க்க வேண்டும்?

புறப்படும்போது இறுக்கமாக இருந்த கட்டு போகப்போகத் தளரும். குழியில் சக்கரம் இறங்கும்போது மேடை ஒரு கணம் சரக்கைவிட்டுக் கீழே போகிறது. அந்தக் கணத்தில் அழுத்தமும் உராய்வும் குறைகின்றன. சரக்கு ஒரு மயிரிழை நகர்கிறது. இப்படி ஆயிரம் குழிகள்! அடியிலுள்ள கட்டைகள் நசுங்குகின்றன, மூட்டைகள் படிகின்றன, கயிறு நீள்கிறது. 350 கிலோகிராம் இழுவிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது. அதனால்தான் அமெரிக்க விதிகள் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை வண்டியை நிறுத்திக் கட்டைச் சோதிக்கவேண்டும் என்றும், பிறகும் அவ்வப்போது சோதிக்கவேண்டும் என்றும் கூறுகின்றன.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கூரான விளிம்பின்மீது பட்டையோ கயிறோ நேரே படக்கூடாது, அறுந்துவிடும். மூலைக் காப்பு வைத்தால் பட்டை அறுபடாது; இழுவிசையும் மறுபக்கத்துக்குத் தடையின்றிப் போகும். ஒரே வேலைக்குச் சங்கிலியையும் பட்டையையும் கலந்து போடக்கூடாது. பட்டை நீளும், சங்கிலி நீளாது. ஆகவே பாரம் முழுவதும் முதலில் சங்கிலிமேல் விழும். பட்டை வேலை செய்யத் தொடங்கும் முன்பே சங்கிலி அறுந்துபோகலாம்.

நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் குழாய்களும் பின்னால் வருபவருக்கு எமன். இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், வண்டியின் உடலுக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

இனி நெடுஞ்சாலையில் கல் ஏற்றிய லாரியைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கல்லின் அடியில் என்ன இருக்கிறது? கல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது? கட்டு அழுத்துகிறதா, தடுக்கிறதா? இந்த மூன்றுக்கும் சரியான விடை இருந்தால் ஓட்டுநர் மாலையில் வீடு திரும்புவார். "கனமான கல்தானே, நகராது" என்பது அந்த மூன்றில் எதற்கும் விடை அல்ல.

செய்து பாருங்கள்

1. 10 டன் எடையுள்ள இயந்திரம் மரத்தின்மீது இருக்கிறது, கெழு 0.4. முன்பக்கம் முட்டு இல்லை. மேலே கூறிய ராட்செட் பட்டைகளால் அழுத்தி மட்டுமே கட்டுவதானால் எத்தனை பட்டைகள் வேண்டும்?

2. 1.2 மீட்டர் அகலமுள்ள பெட்டியின் ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரத்தில் உள்ளது. பக்கவாட்டு விசை எடையில் 0.5 பங்கானால் அது சாயுமா?

3. ஒரே பலகையில் ஒரு செங்கல்லும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு செங்கற்களும் இருக்கின்றன. பலகையைச் சரித்தால் எது முதலில் வழுக்கும்?

விடைகள்: 1. 15 பட்டைகள். 2. சாயாது, விகிதம் 0.6. 3. இரண்டும் ஏறத்தாழ ஒரே சரிவில் வழுக்கும்.